குழாய் மூச்சு விடும் இடம்

இராமநாதபுரம் மாவட்டத்து நெடுஞ்சாலைகளில் பகல் வேளையில் பயணம் செய்தவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருக்கக் கூடும். இருபுறமும் சீமைக்கருவேலங்காடு. கோடை வெயிலில் கரிசல் மண் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கிறது. கண்ணுக்கெட்டிய தொலைவில் கிணறும் இல்லை, குளமும் இல்லை. அத்தகைய பொட்டல் வெளியில், சாலையிலிருந்து பத்தடி தள்ளி, செங்கல்லால் கட்டிய ஒரு சிறு தொட்டி. அதன் மூடி உடைந்து கிடக்கும். உள்ளிருந்து இரும்புக் குமிழ் ஒன்று தலை நீட்டிக் கொண்டிருக்கும். அடிப்பாகம் வெட்டப்பட்ட பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைத் தொப்பி போல் அதன்மேல் மாட்டி, பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். பாட்டிலின் வாயில் செருகிய குழாய்த் துண்டு வளைந்து கீழே இறங்கும். குழாய்த் துண்டு கிடைக்காத இடத்தில் குடைந்தெடுத்த பனை மட்டை அந்த வேலையைச் செய்யும். அதன் நுனியில் ஒரு குடம். அதற்குப் பின்னால் நீலமும் பச்சையும் சிவப்புமாகப் பத்துப் பதினைந்து குடங்கள் வரிசையில் நிற்கும். குடம் இல்லாத இடத்தில் ஒரு கருங்கல்! ஆள் அரவம் மட்டும் இராது.

விரையும் பேருந்தின் சன்னல் வழியே இதனைப் பார்ப்பவர்களின் ஊகங்கள் பலவகைப்படும். சாலை போட்டவர்கள் விட்டுச் சென்ற சாமான்கள் என்பார் ஒருவர். யாரோ புண்ணியவான் வைத்த தண்ணீர்ப் பந்தல் என்பார் மற்றொருவர். மரக்கன்றுகளுக்குச் சொட்டு நீர் பாய்ச்சும் ஏற்பாடு என்று விளக்கம் சொல்வாரும் உண்டு. "குழாய் உடைந்து கிடக்கிறது, கேட்பார் இல்லை" என்று அலுத்துக் கொள்வோரே மிகுதி. இந்தக் கடைசி ஊகம் உண்மைக்குச் சற்று அருகில் வருகிறது. ஆயினும் அதுவும் சரியன்று. குழாய் உடையவில்லை. அந்த இடத்தில் அது திறந்து மூடும்படியாகவே செய்யப்பட்டிருக்கிறது. ஏன் என்பதுதான் புதிர்.

எண்ணெய் டின்னும் இரண்டாவது துளையும்

நம் இல்லத்தரசிகளுக்கு இப்புதிரின் விடை தெரிந்ததுதான். எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டுச் சாய்த்துப் பாருங்கள். எண்ணெய் 'களக் களக்' என்று விட்டு விட்டு விழும். சில வேளை விழாமலே நிற்கும். எதிர் மூலையில் இன்னொரு துளை போட்டதும் தாரையாக இறங்கும். எண்ணெய் வெளியேறிய இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்கு வழி விட்டால்தான் எண்ணெய்க்கு வழி.

நெடுந்தூரம் செல்லும் குடிநீர்க் குழாய்க்கும் இதே தேவை உண்டு. அதற்கு இரண்டு சங்கடங்கள். வெறுங்குழாயில் நீரேற்றத் தொடங்கும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேற வேண்டும். வெளியேறாத காற்று மேடான இடங்களில் தங்கி, அடைப்புப் போல் நின்று நீரோட்டத்தைக் குறைக்கும். அமுக்கப்பட்டு நகரும்போது குழாயையே அதிரச் செய்யும். நீரேற்றம் நின்று குழாய் வடியும்போதோ இதற்கு நேர்மாறான நிலை. காற்று உள்ளே வராவிட்டால் குழாயினுள் வெற்றிடம் உண்டாகிச் சுவர்களை உள்நோக்கி இழுக்கும். மெல்லிய குழாயாயின் நசுங்கியும் போகலாம். ஆதலால் குழாய் செல்லும் வழியில் மேடு வரும் இடங்களில் எல்லாம், சமதரையிலோ ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் முதல் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றாக, காற்று போய்வர ஒரு வாயிலை வைக்கிறார்கள். பொறியாளர் முதல் குடம் தூக்குபவர் வரை அனைவரும் அதனை 'ஏர் வால்வு' என்றே அழைக்கின்றனர்.

அதன் அமைப்பு எளியது. இரும்புக் கூட்டுக்குள் ஒரு பந்து. மேலே ஒரு துளை. காற்று வரும்போது பந்து கீழே கிடக்கும், துளை திறந்திருக்கும். நீர் வந்து சேர்ந்ததும் பந்து மிதந்து எழுந்து துளையை அடைத்துக் கொள்ளும். நீர் வற்றினால் பந்து இறங்கும். மீண்டும் காற்று உள்ளே செல்லும். கையாலே திறந்து மூட வேண்டுவதில்லை, மின்சாரமும் வேண்டாம். நீரேற்றம் தொடங்கும்போது அதிலிருந்து 'உஸ்' என்ற பெருமூச்சு எழும். நீர் வருகிறது என்பதற்கு அதுவே கட்டியம். அருகில் நிழலில் ஒதுங்கியிருக்கும் பெண்கள் அவ்வொலி கேட்டதும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து வருவார்கள். வரிசையில் கிடந்த கருங்கற்களின் இடத்தைக் குடங்கள் பிடித்துக் கொள்ளும். ஆள் இல்லாத வரிசையின் இரகசியம் இதுதான். எந்தக் கல் யாருடையது என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆண்டுக் கணக்கில் பந்து ஏறி இறங்குவதால் அது அமரும் இடம் தேய்கிறது. மணல் துகள் ஒன்று இடையில் சிக்கினாலும் துளை முழுதாக மூடுவதில்லை. அப்போது நீர் கசிகிறது. அழுத்தம் மிகுந்த குழாயாதலால் கசிவு சொட்டாக விழாமல் விசிறி போல் நாலாபுறமும் தெறிக்கும். தெறிக்கும் நீரைக் குடத்துக்குள் கொண்டு சேர்ப்பது எவ்வாறு? பாட்டில் தொப்பியும் சைக்கிள் டியூபும் அக்கேள்விக்குக் கண்டுபிடித்த விடைகள். அவை பிறந்த இடம் பொறியியற் கல்லூரி அன்று. குப்பையில் கிடந்ததைக் கொண்டு, கையில் காசில்லாமல், தண்ணீர் இல்லாத வீட்டுக்காரர்கள் செய்த கருவி அது. அதன் நேர்த்தியைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

ஊரைக் கடந்து செல்லும் தண்ணீர்

'தண்ணியில்லாக் காடு' என்று இம்மாவட்டத்துக்கு ஒரு பெயர் உண்டு. தண்டனை மாற்றலுக்கு மறுபெயராக அரசு ஊழியர்கள் வழங்கிய பெயர் அது. ஆனால் மழையே பெய்யாத பாலைவனமன்று இந்நிலம். ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மழை பெறுகிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில நாள்களில் கொட்டித் தீர்த்து விடும். அந்தச் சில நாள் மழையை ஆண்டு முழுவதற்கும் பிடித்து வைக்கவே கண்மாய்களும் ஊருணிகளும் வெட்டப்பட்டன. இராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று மக்கள் சொல்வது அதன் பரப்பைக் குறித்துத்தான். வைகையோ இம்மாவட்டத்துக்குக் கடைசியில் வந்து சேரும் ஆறு. பல ஆண்டுகளில் வந்து சேராமலும் போகும். கடலோரத்தில் கிணறு தோண்டினால் பல இடங்களில் உவர்நீரே கிடைக்கும். ஊருணி வற்றிவிட்டால், மணலில் குழி பறித்து ஊறும் நீரைச் சிரட்டையால் முகந்து குடம் நிறைப்பது தலைமுறை தலைமுறையாய் இங்கே நடந்து வரும் வேலை.

1990களின் பிற்பகுதியில் நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 38 இலட்சம் லிட்டர் அதன் திறன். பின்னர் 2009ஆம் ஆண்டில் ஏறத்தாழ 616 கோடி ரூபாய்ச் செலவில் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயலுக்கு வந்தது. திருச்சி அருகே காவிரிப் படுகையில் எடுக்கும் நீர், புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களுக்கும் வழங்கியபடி நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள இராமநாதபுரம் வரை வந்து சேருகிறது. சோழநாட்டு நீர் சேதுநாட்டில் குடிக்கக் கிடைப்பது எளிய காரியமா? அல்ஹம்துலில்லாஹ்! அதனைக் குறைத்து மதிப்பிடுவது நன்றி கெட்ட செயலாகும்.

அப்படியிருந்தும் சாலையோரத்தில் கூட்டம் நிற்பானேன்? பெருங்குழாய் என்பது எக்ஸ்பிரஸ் இரயில் போன்றது. வழியிலுள்ள சிற்றூர்களில் அது நிற்பதில்லை. பெருங்குழாயின் நீர் முதலில் பெரிய தரைமட்டத் தொட்டிக்குச் செல்கிறது. அங்கிருந்து ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கு. அங்கிருந்து கிளைக்குழாய் வழியே தெருக்களுக்கு. இந்தக் கிளைகளின் கடைக்கோடியில் இருக்கும் குடியிருப்புக்கு வந்து சேரும்போது நீர் நூலாக மெலிந்து விடுகிறது. மோட்டார் பழுதானால் அதுவும் இல்லை. தெருமுனைக் குழாயில் நீர் வராத ஊர்க்காரர், தம் ஊரின் ஓரமாகவே பெருங்குழாய் நிறைந்து ஓடுவதை அறிவார். நிலத்துக்கு அடியில் ஓடும் அந்நீர் வெளியே எட்டிப் பார்க்கும் ஒரே இடம் ஏர் வால்வு. கூட்டம் அங்கே கூடுவதில் வியப்பென்ன?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கசிவு நீரைப் பிடிப்பது திருட்டு என்று வாதிடுவோர் உள்ளனர். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அவர்களுக்கு விடை சொல்லலாம். 15 லிட்டர்க் குடம் ஒன்று நிறைய நான்கு நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். நாளில் 20 மணி நேரம் நீரேற்றம் நடந்தால் அந்த ஒரு வால்வில் கசியும் நீர் 4,500 லிட்டர். சிற்றூர் மக்கள் அதில் 40 குடம் பிடித்தால் 600 லிட்டர் ஆயிற்று. எஞ்சிய 3,900 லிட்டர் மண்ணுக்குள் போகிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. அந்த அளவின்படி, ஒரே வால்வின் கசிவு 80 பேருக்குரிய நீர்! ஆகவே வீணாக்குவது குடம் வைத்தவர் அன்று. பந்தை மாற்றாமல் விட்டதுதான் வீண்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. அதனைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை நேர்மையானதாகாது. கசிவு போதவில்லை என்று துளைக்குள் குச்சியை விட்டுப் பந்தைக் கீழே அழுத்தி வைப்போர் சில இடங்களில் உண்டு. கல்லால் அடித்துக் குமிழையே சிதைப்பதும் நடக்கிறது. அப்போது குடம் பத்து விநாடியில் நிறைந்து விடலாம். அந்த வேகத்தில் ஒரே மணி நேரத்தில் வெளியேறும் நீர் 5,400 லிட்டர். முன் சொன்ன கசிவு ஒரு நாள் முழுதும் விட்டதை விட இது அதிகம்! குழாயின் அழுத்தம் குறைகிறது. இழப்பு யாருக்கு? நீரேற்று நிலையத்துக்கு ஒன்றும் இல்லை. குழாயின் கடைசியில், இவர்களைப் போலவே குடத்தோடு காத்திருக்கும் மற்றோர் ஊர்ப் பெண்களுக்குத்தான். குடிநீர் வழங்கும் அமைப்புகளைச் சேதப்படுத்துவோர்க்கு, 1984ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை கடுங்காவல் தண்டனை விதிக்கிறது என்பதும் நினைவிலிருக்கட்டும்.

மேல்மடைக்காரருக்கும் கீழ்மடைக்காரருக்கும் உள்ள இவ்வழக்கு மதீனாவிலேயே எழுந்த ஒன்று. ஹர்ராப் பகுதியிலிருந்து வரும் வாய்க்கால் நீர் குறித்து ஜுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரித் தோழர் ஒருவருக்கும் ஏற்பட்ட பிணக்கு, அண்ணல் நபி (ஸல்) அவர்களின் முன் வந்தது. ஜுபைர் (ரலி) அவர்களின் தோட்டமே மேலே இருந்தது. அவர் பாய்ச்சிக் கொண்டு அண்டைத் தோட்டத்துக்கு விட்டுவிட வேண்டும் என்று நபிகளார் முதலில் இணக்கமாகச் சொன்னார்கள். அதை அந்தத் தோழர் ஏற்காதபோது, வரப்புச் சுவரின் அடியை நீர் தொடும் வரை நிறுத்திக் கொண்டு பிறகு விடலாம் என்று உரிமையின் முழு அளவை வரையறுத்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி இடம் பெற்றுள்ளது. மேலே இருப்பவருக்கு முதல் உரிமை உண்டு. அவ்வுரிமைக்கு ஓர் எல்லையும் உண்டு. நம் ஏர் வால்வில் அந்த எல்லையை எங்கே வைப்பது? வீணாகும் நீரைப் பிடிப்பது ஒன்று. ஓடும் நீரை நிறுத்திப் பிடிப்பது வேறு. குச்சியைக் கையில் எடுக்கும் இடத்தில் எல்லை கடக்கப்படுகிறது என்பதே என் கருத்து.

தொட்டியில் தேங்கும் ஆபத்து

சட்டத்தையும் உரிமையையும் விடத் தாய்மார்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று உண்டு. கசிந்த நீர் வால்வைச் சுற்றிய தொட்டியில் தேங்குகிறது. ஆடும் நாயும் அதில் வாய் வைக்கின்றன. குடம் வைப்போர் கால் கழுவுகின்றனர். சிலர் துணியும் அலசுகின்றனர். நீரேற்றம் நடக்கும் வரை இதனால் குழாய்க்குள் கேடு இல்லை. ஏனெனில் நீர் வெளிநோக்கியே பாய்கிறது. மின்சாரம் நின்றதும் நிலை தலைகீழாகிறது. குழாயிலுள்ள நீர் பள்ளத்தை நோக்கி வடிய, வால்வு காற்றை உள்ளே இழுக்கிறது. அதன் வாய் சேற்று நீரில் மூழ்கியிருந்தால் காற்றுக்குப் பதில் சேற்று நீரையே உறிஞ்சும்! அறிவுக் கூர்மையோடு கட்டிய அந்தப் பாட்டில் தொப்பியும் இப்போது எதிரியாகிறது. அதன் குழாய்த் துண்டின் நுனி குடத்து நீரிலோ குட்டையிலோ அமிழ்ந்திருந்தால், அதன் வழியாகவும் நீர் திரும்பப் போகும்.

அடுத்த முறை மோட்டார் ஓடும்போது அந்த அழுக்கு இவ்வூருக்கும் வரும். இதற்கப்பால் உள்ள ஊர்களுக்கும் செல்லும். நீரில் கலந்த குளோரின் இந்த அளவு அழுக்கைத் தாங்காது. குழாய்நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் அது எஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. அழுக்குக் கலந்தால் அந்தச் சிறு அளவு விரைவில் செலவாகிவிடும். பிறகு வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் டைபாய்டும் வருவதற்குக் கதவு திறந்தாற்போல்தான். பச்சிளங் குழந்தைகளே முதலில் பாதிக்கப்படுகின்றனர்.

ஆகவே வேறு வழியின்றி அங்கே நீர் பிடிப்போர் சில முறைகளைக் கைக்கொள்வது நலம். குழாய்த் துண்டின் நுனி எப்போதும் குடத்தின் வாய்க்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிற்கட்டும். நீருக்குள் அமிழ வேண்டாம். தொட்டியில் தேங்கிய நீரைச் சிரட்டையால் முகந்து ஒருநாளும் குடிக்க எடுக்காதீர்கள். தேங்கும் நீர் வெளியே ஓட மண்வெட்டியால் ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டால் பாதி ஆபத்து தீர்ந்தது. அது அரை மணி நேர வேலை. நின்று மீண்டும் வரும் நீரின் முதற் சில குடங்களைப் பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் வைத்துக் கொள்ளுங்கள். குடிப்பதற்குரியதைத் துணியில் வடிகட்டி, நன்றாகத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றுங்கள். வடிகட்டினாலே போதும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. துணி கிருமியைத் தடுக்காது.

இன்னொன்று, சாலை. விடியற்காலையில் பஜ்ருக்கு முன்பும் இரவில் இஷாவுக்குப் பின்பும் கூட்டம் குறைவு என்று பெண்கள் அந்நேரங்களில் வருகின்றனர். எட்டுக் குடம் ஏற்றிய தள்ளுவண்டியின் நீர் மட்டும் 120 கிலோ கனம். அதனைத் தள்ளிக் கொண்டு இருட்டில் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடப்பது எத்தகைய செயல் என்பதை லாரி ஓட்டுநர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 55 லிட்டர் வீதம் 275 லிட்டர் வேண்டும். ஒரு நடைக்கு எட்டுக் குடம் என்றால் இரண்டு நடை போனாலும் 240 லிட்டர்தான். மூன்றாவது நடைக்குப் பெரும்பாலும் வீட்டுப் பெண்பிள்ளையை அனுப்புகிறார்கள். பள்ளிக்கூட மணி அதற்குக் காத்திருப்பதில்லை.

பந்தை மட்டும் மாற்றினால்?

அதிகாரிகள் வந்து பந்தை மாற்றி, மூடி போட்டுப் பூட்டிச் செல்வதும் நடக்கத்தான் செய்கிறது. சில வாரங்களில் பூட்டு உடைகிறது. இது மக்களின் பொல்லாத்தனம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் கசிவு நின்ற அன்று அந்தச் சிற்றூரின் ஒரே நீர்நிலையும் நின்று போனது என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கசிவை அடைக்கும் அதே நாளில், அருகில் மேடையும் வடிகாலும் உள்ள ஒரு குழாயோ, பிளாஸ்டிக் தொட்டியோ அளவுக் கருவியுடன் முறையாக அமைக்கப்பட்டால் பூட்டை உடைக்க யாருக்குத் தேவை வரும்? தொட்டியின் சுவரைத் தரைமட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டி, வால்வின் வாய் நீரில் மூழ்காதபடி செய்தால் கடைசி ஊர் வரை நோயும் குறையும். வீடுதோறும் குழாய் இணைப்புத் தரும் ஜல் ஜீவன் திட்டத்தின் காலம் 2028 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இணைப்புக் கொடுத்ததாகக் கணக்கில் ஏறிய பிறகும் குழாயில் காற்று மட்டுமே வரும் தெருக்களின் பெயரை அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டியவர்கள் அத்தெருவாசிகளே.

அதற்கு வாய்ப்பான இடம் கிராம சபை. குடியரசு நாள், மே முதல் நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்குடன், 2022இல் அறிவிக்கப்பட்டபடி மார்ச் 22ஆம் நாளிலும் நவம்பர் முதல் நாளிலும் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் கிராம சபை கூட வேண்டும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். நம் பெண்கள் இக்கூட்டங்களுக்குச் செல்லத் தயங்குகின்றனர். ஆண்களோ, நீர் பிடிக்கும் சிரமம் இன்னதென்று அறியாமலே தீர்மானத்தில் கையெழுத்திட்டு வருகின்றனர். 'தண்ணீர் வரவில்லை' என்று பொதுவாக எழுதிய மனுவால் பயன் குறைவு. வால்வு எந்தக் கிலோமீட்டர்க் கல்லுக்கு அருகில், சாலையின் எந்தப் பக்கத்தில் உள்ளது. ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம். நாளில் எத்தனை மணி நேரம் நீர் வருகிறது. எத்தனைக் குடும்பங்கள் அங்கே பிடிக்கின்றன. தெருக்குழாயில் கடைசியாக நீர் வந்த தேதி எது என்று இவ்வளவையும் எழுதுங்கள். நிமிடக் கணக்கைச் சொல்ல வேண்டியவர் வரிசையில் நின்றவரே. மனுவை இரண்டு படிகள் எழுதி, ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் பெற்றுக் கொண்டதற்கான கையொப்பத்தையும் தேதியையும் வாங்கி வைத்துக் கொள்ளுங்கள்.